திருநாவுக்கரசு வழங்கிய ஃபோபியாக்கள்

"இனிமே இந்த வீட்ல யாரும் எதுக்கும் பயப்படக் கூடாது!" என்று திருநாவுக்கரசு பிரகடனம் செய்தபோது அவர் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார்.

கீழே ஒரு கரப்பான் பூச்சி.

பெரிய கரப்பான் என்று சொல்ல முடியாது. சின்ன வயசு. மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. அது அண்ணாந்து திருநாவுக்கரசைப் பார்த்தது. திருநாவுக்கரசு குனிந்து அதைப் பார்த்தார். அவருக்கும் மீசை உண்டு. இரண்டு மீசைகளில் அவருடையதுதான் அதிகம் நடுங்கியது.

சமையலறையிலிருந்து அவர் மனைவி ருக்கு வந்தாள். துடைப்பத்தால் ஒரே போடு.

"போயிருச்சு. இறங்குங்க."

"நான் பயந்து ஏறல, தெரிஞ்சுக்கோ. இது சுகாதாரம்."

"சரிங்க. சுகாதாரமா இறங்கி வந்து காபியைக் குடிங்க. ஆறுது."

போர்ட் பிளேயர் லம்பா லைனில், ஏர்போர்ட் ரோட்டுக்கு மேலே, தகரக் கூரை போட்ட வாடகை வீடு அது. குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவை அரை மணி நேரம் தண்ணீர் வரும். சுனாமி வந்து போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. திருநாவுக்கரசு ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பதினெட்டு வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு ஃபைலை முழுசாகப் படித்ததை யாரும் பார்த்ததில்லை.

பிரகடனத்துக்குக் காரணம், முந்தின நாள் நடந்த பயிற்சி முகாம். பேரிடருக்குப் பிந்தைய மனநலம் என்று தலைப்பு. ஒவ்வோர் ஆபீஸும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். யார் போனால் வேலை நிற்காது என்று சூப்பரிண்டெண்டெண்ட் ஆவுடையப்பன் யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

பாடம் எடுத்தது மனநல டாக்டர் உமா மகேஸ்வரி. காலை முதல் வேளையில் அந்த அம்மா நிறுத்தி நிதானமாக ஒன்றைச் சொன்னார். "காரணத்தோட பயந்தா அது பயம். அது நல்லது, உயிரைக் காப்பாத்தும். காரணமே இல்லாம, அளவுக்கு மீறிப் பயந்தாத்தான் ஃபோபியா." அந்த நேரத்தில் திருநாவுக்கரசு கொல்லைப் பக்கம் நின்று, பிரியாணி கோழியா முட்டையா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கோழி என்று உறுதியான பிறகுதான் உள்ளே வந்தார். அப்போது டாக்டர் ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். உயரத்துக்கு ஒரு ஃபோபியா, இருட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, எட்டுக்கால் பூச்சிக்கு ஒன்று என்று வரிசையாக இருந்தது. திருநாவுக்கரசுக்குப் புல்லரித்தது. இவ்வளவு நாளாக ஜனங்களை மட்டம் தட்ட அவரிடம் இரண்டு மூன்று சொற்கள்தான் இருந்தன. இப்போது ஒரு தாள் நிறைய.

மறுநாளிலிருந்து அவர் ஊருக்கு ஃபோபியா வழங்க ஆரம்பித்தார்.

பஸ் கண்டக்டர் மீதி கொடுக்கவில்லையா? சில்லறை ஃபோபியா. பக்கத்து மேஜை பிஸ்வாஸ் பாபு மழையில் குடையை இரவல் தரவில்லையா? குடை ஃபோபியா. ஆவுடையப்பன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஃபைலைப் படிக்கிறாரா? "பாவம், மனுஷனுக்குக் கையெழுத்து ஃபோபியா. நல்ல டாக்டரா பாக்கணும்." இதை மட்டும் ஆவுடையப்பன் இல்லாத இடமாகப் பார்த்துச் சொன்னார்.

வீட்டிலும் விடவில்லை.

"ருக்கு, இன்னொரு வடை வை."

"போதும்ங்க, போன மாசம்தான் டாக்டர் கொழுப்புன்னு சொன்னாரு."

"உனக்கு எண்ணெய் ஃபோபியா."

"எனக்கா?"

"நோயாளிக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கறவனுக்குத்தான் தெரியும்."

"அது சரி," என்றாள் ருக்கு. "பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அவருக்கு மட்டும் ஃபோபியா எதுவும் கிடையாது. கப்பல் ஏணியில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார். அது முன்ஜாக்கிரதை. ஊசி போடும் நர்ஸைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிவிடுவார். அது இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை. பிறந்தநாள் வீட்டில் பலூன் கட்டியிருந்தால் உள்ளே வர மாட்டார். அது, சத்தம் உடம்புக்கு ஆகாது என்பதால். கரப்பான், முன்பே சொன்னபடி, சுகாதாரம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் நடுவில் குவார்ட்டர்ஸ் வந்தது.

சர்க்கார் குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போட்டு ஒன்பது வருஷமாக அவர்கள் காத்திருந்தார்கள். பட்டியலில் இப்போது பதினான்காவது பெயர். இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் டாலிகஞ்சில் மேட்டு வீடு ஒன்று வரும். மேலேயே தண்ணீர்த் தொட்டி, குழாயைத் திருகினால் தண்ணீர். அந்தக் குழாயை ருக்கு ஒன்பது வருஷமாக மனசுக்குள் திருகிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில் ஆபீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு. கடலோரத்தில், சுனாமியில் காலியான பழைய குவார்ட்டர்ஸைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்கள். மூன்று அறை, பால்கனி. வேண்டுகிறவர் எழுதிக் கொடுக்கலாம். முன்னால் இருந்த பதின்மூன்று பேரும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

"மத் லோ, தாதா. வேணாம் அண்ணே," என்றார் பிஸ்வாஸ் பாபு. அவர் பேசினால் வாயில் ரசகுல்லா இருப்பது போலவே இருக்கும். "ஜுவார் மே பானி கொர் கே அந்தர் ஆத்தா ஹாய். கடல் ஏறினா தண்ணி வீட்டுக்கு உள்ளே."

"கடல் ஃபோபியா," என்றார் திருநாவுக்கரசு.

ஆவுடையப்பன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அவர் திருநெல்வேலிக்காரர். "என்னவே, ஒண்ணுக்குப் பத்து தடவை யோசிச்சிக்கிடும். அந்த எடம் தணிஞ்சு போச்சு. பதிமூணு பேரும் கிறுக்கனா?"

"பதின்மூன்று பேருக்கும் ஃபோபியா சார்," என்றார் திருநாவுக்கரசு பெருமையோடு. "அவங்க பயம், எனக்கு பால்கனி."

சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரே போய் வீட்டைப் பார்த்தார். மணி நாலு. கடல் எங்கேயோ தூரத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிப் படுத்திருந்தது. நடுவில் சேறு, சேற்றில் நண்டு. திருநாவுக்கரசு பால்கனியில் நின்று காற்று வாங்கினார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓர் உப்புக் கோடு இருந்தது. அலங்காரத்துக்குப் போட்ட பார்டர் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வாசலில் கீரை விற்கிற செல்லம் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கடலோரச் சிப்பிகாட் கிராமத்துக்காரி. பேசினால் தெரு முழுக்கக் கேட்கும்.

"சார், வேணாம் சார்! சுனாமி அன்னிக்கு எங்க பூமியே கீழ எறங்கிருச்சு சார். கத்திரிக்கா போட்ட எடத்துல இப்ப மீன் ஓடுது. பௌர்ணமி அமாவாசைன்னா காலைல பத்து மணிக்கு ரோடே தெரியாது. நீங்க சொல்ற எடமும் அதே மாரிதான். நாலு மணிக்குப் பாத்தா நல்லாத்தான் இருக்கும்!"

"செல்லம், உனக்குத் தண்ணி ஃபோபியா."

"அப்படின்னா?"

"தண்ணியைப் பாத்துப் பயப்படற வியாதி."

"எனக்கு வியாதின்னா, என் வயல்ல நிக்கிற தண்ணிக்கு என்ன பேரு சார்?"

திருநாவுக்கரசு தாளைப் பார்த்தார். அதில் வயலுக்கு ஒன்றும் போட்டிருக்கவில்லை.

ருக்கு ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "ஏங்க, இன்னும் ஒரே வருஷம். டாலிகஞ்ச் வீடு வந்துரும். இதை வாங்கிட்டு அப்புறம் வேண்டாம்னா, நம்ம பேரு பட்டியல்ல கடைசிக்குப் போயிரும்னு சொல்றாங்க. ஒன்பது வருஷம் போயிரும்."

"ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்? ருக்கு, உனக்கு வீட்டு ஃபோபியா, கடல் ஃபோபியா, புருஷன் சொன்னா கேக்கற ஃபோபியா. மூணும் இருக்கு."

ருக்கு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கீரையைப் பார்த்தாள். செல்லத்தைப் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள். "நீங்க சொன்னா சரிதான். அடுத்த வியாழக்கிழமை பால் காய்ச்சிருவோம். பௌர்ணமி. நல்ல நாள். ஒன்பதரையிலேருந்து பத்தரை நல்ல நேரம். ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிடுங்க."

செல்லத்துக்கு என்னவோ புரையேறிவிட்டது. கீரையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே ஓடினாள்.

திருநாவுக்கரசுக்கு ஆனந்தம். பதினைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் ருக்கு இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி ஃபோபியா என்று ஒன்று தாளில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்.

எழுதிக் கொடுத்த மூன்றாம் நாளே உத்தரவும் சாவியும் வந்துவிட்டன. வியாழக்கிழமை காலை ஆபீஸே கிளம்பி வந்தது. பதினெட்டுப் பேர். பதினெட்டு ஜோடி செருப்பும் ஷூவும் வராந்தாவில் வரிசையாக நின்றன. ஆவுடையப்பன் பட்டு வேட்டி. பிஸ்வாஸ் பாபு புது ஷூ, பெட்டியிலிருந்து எடுத்து அன்றைக்குத்தான் போட்டது.

வீட்டுக்குள்ளே ஒரு சின்ன ஸ்டவ், பால் பானை, சர்க்கரை, ஒரு நாற்காலி. வேறு எதுவும் இல்லை.

"சாமானெல்லாம் எங்கே?"

"முதல்ல பால் பொங்கட்டும்ங்க. சாமான் எங்க போயிரும்?"

"நாற்காலி மட்டும் எதுக்கு?"

"அது உங்களுக்கு."

திருநாவுக்கரசு நாற்காலியில் உட்கார்ந்து சொற்பொழிவை ஆரம்பித்தார். "நண்பர்களே! பதின்மூன்று பேர் பயந்து ஓடிய வீடு இது. ஃபோபியா என்றால் என்ன? இல்லாத ஒன்றைப் பார்த்து..."

குளியலறைப் பக்கமிருந்து க்ளுக் என்று ஒரு சத்தம்.

"...இல்லாத ஒன்றைப் பார்த்து மனிதன்..."

க்ளுக், க்ளுக்.

கடல் முன்வாசல் வழியாக வரவில்லை. அதற்கு அவ்வளவு மரியாதை தெரியாது. சாக்கடைக் குழாய் வழியாக வந்தது. அது வருவதற்கு முன்னால், மூன்று வருஷமாக அந்தக் குழாய்க்குள் நிம்மதியாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். ஒன்று, பத்து, நூறு. எல்லாம் செம்பழுப்பு, எல்லாம் மீசை. வயதில் பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கர்ப்பிணிகள் என்று ஒரு சமூகமே புறப்பட்டு அறைக்குள் வந்தது. அவர்களுக்கும் மேடு வேண்டும். அறையில் இருந்த மேடு ஒன்றே ஒன்று. அதன் மேல் திருநாவுக்கரசு உட்கார்ந்திருந்தார்.

நாலு கால் வழியாகவும் ஏறின.

அவர் போட்ட சத்தம் சாத்தம் தீவு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். நாற்காலியிலிருந்து அவர் தாவியது யாருக்கும் தெரியாது. அடுத்த கணம் ஆவுடையப்பனின் முதுகில் இருந்தார். இரண்டு கையும் கழுத்தில், இரண்டு காலும் இடுப்பில்.

"எறங்கும்வே! வேட்டி அவுருது, எறங்கும்!"

"மாட்டேன் சார்! கீழ இருக்கு சார்! நடங்க சார்!"

அதற்குள் தண்ணீர் கணுக்கால், பிறகு முழங்கால். வராந்தாவில் செருப்புகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு, கப்பல் புறப்படுவது போல வரிசையாகப் புறப்பட்டன.

"மேரா ஜூத்தா! தாதா, மேரா நொத்துன் ஜூத்தா ஜா ரஹா ஹாய்!" பிஸ்வாஸ் பாபு பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இடது ஷூ கிடைத்தது. வலது ஷூ மெயின்லேண்டை நோக்கிப் போய்விட்டது.

இவ்வளவுக்கும் நடுவில், சமையல் மேடை மேல் ஏறி உட்கார்ந்திருந்த ருக்குவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏங்க! பால் பொங்கிருச்சு!"

மறுநாள் ஆவுடையப்பன் திருநாவுக்கரசைக் கூப்பிட்டார். கழுத்தில் தைலம் வாசம். பேச்சில் வாசனை எதுவும் இல்லை.

"சாவியத் திருப்பிக் குடுக்கப் போறீரா? தாராளமாக் குடும். விதி தெரியும்லா? பேரு கடைசிக்குப் போவும். நூத்தி நாப்பத்திரெண்டு. நீரு ரிட்டயர் ஆவுறதுக்குள்ள நூறுக்கு வந்துருவீரு."

வீட்டுக்கு வந்து திருநாவுக்கரசு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். டாலிகஞ்ச் போயிற்று. குழாய் போயிற்று. ஒன்பது வருஷம் ஷூவோடு சேர்ந்து மிதந்து போயிற்று.

ருக்கு குவார்ட்டர்ஸ் உத்தரவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"பின்பக்கம்?"

"பின்பக்கத்தை எவன் படிப்பான்? பதினெட்டு வருஷ சர்வீஸ்ல நான் பின்பக்கமே பாத்ததில்லை."

"ஏழாவது விதி. டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா, சாவியத் திருப்பிக் குடுத்தாலும் பட்டியல்ல அதே எடம்."

"எனக்கு என்ன நோய்?"

"ஊர் பூரா வாரி வாரிக் குடுத்தீங்களே. உங்களுக்குன்னு ஒண்ணு கூட மிச்சம் வெச்சுக்கலயா?"

திருநாவுக்கரசு யோசித்தார். ஆம்பளைக்குப் பொருந்துகிற மாதிரி, கம்பீரமாக ஒன்று வேண்டும். கடல்! கடல் பெரியது. அதைப் பார்த்துப் பயந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் உமா மகேஸ்வரி.

"எனக்குக் கடல் ஃபோபியா டாக்டர்."

"அப்படியா? கடல் உங்களை என்ன பண்ணுச்சு?"

"வீட்டுக்குள்ள வந்துச்சு."

"எவ்வளவு?"

"முழங்கால்."

டாக்டர் பேனாவை மூடினார். "முழங்கால் வரைக்கும் கடல் வந்தா யாரா இருந்தாலும் பயப்படணும். காரணம் இருக்கே. இது ஃபோபியா இல்ல, அறிவு. இதுக்கு நான் எப்படி சர்டிபிகேட் குடுப்பேன்? பயிற்சில காலைல முதல் முதல்ல இதைத்தானே சொன்னேன். நீங்க எங்க இருந்தீங்க?"

கோழி என்று சொல்ல முடியுமா?

"சரி. காரணமே இல்லாம எதையாவது பாத்துப் பயப்படுவீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

"நானா? சேச்சே. நான் எதுக்கும்..."

சொல்லும்போதே டாலிகஞ்ச் குழாய் கண்ணுக்கு முன்னால் சொட்டுச் சொட்டாக நின்றுகொண்டிருந்தது. மானமா, வீடா?

ருக்கு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவருடைய பயிற்சித் தாள். அதைத் திருப்பினாள். பின்பக்கம் முழுக்க அவள் கையெழுத்து, பென்சிலில், நம்பர் போட்டு.

"ஒண்ணு, கப்பல் ஏணி. ரெண்டு, ஊசி. மூணு, பலூன். நாலு, தலைமுடி வெட்டும்போது காது பக்கம் கத்திரி. அஞ்சு, எங்க அம்மா."

"அம்மாவுக்குக் காரணம் இருக்கும்," என்றார் டாக்டர். "அதை எடுத்துருங்க."

"ஆறு, கரப்பான் பூச்சி. பதினஞ்சு வருஷமா நாற்காலி மேல ஏறுறாரு டாக்டர். வியாழக்கிழமை சூப்பரிண்டெண்டெண்ட் மேலயே ஏறிட்டாரு."

"அந்த குவார்ட்டர்ஸ்ல கரப்பான் இருக்கா?"

"பதினெட்டு சாட்சி இருக்கு டாக்டர்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "கரப்பான் யாரையும் ஒண்ணும் பண்ணாது. காரணமே இல்லாத பயம். இதுதான் ஃபோபியா, சுத்தமான ஃபோபியா! உண்மைதானே சார்?"

திருநாவுக்கரசு நிமிர்ந்தார். "அது வந்து டாக்டர்... சுகாதா..."

ருக்கு மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"...ஃபோபியாதான் டாக்டர்."

வெளியே வரும்போது அவர் கையில் இருந்த டோக்கன் சீட்டைப் பார்த்தார். முன்பதிவு செய்த தேதி போட்டிருந்தது. புதன்கிழமை. பௌர்ணமி வியாழக்கிழமை.

"ருக்கு, இதை முந்தின நாளே போட்டியா?"

"அப்புறம் கூட்டமாயிரும்ங்க."

சர்டிபிகேட் ஆபீஸுக்குப் போனது. ஃபைல் என்றால் மேஜை மேஜையாகத்தான் போகும், ஒவ்வொரு மேஜையிலும் ஒரு நாள் உட்காரும். அந்த ஆபீஸின் சரித்திரத்திலேயே எல்லாரும் முழுசாகப் படித்த ஃபைல் அது ஒன்றுதான். பிஸ்வாஸ் பாபு இரண்டு தடவை படித்தார், ஒற்றை ஷூ போட்ட ஆத்திரத்தோடு. ஆவுடையப்பன் மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். "இதுல படிக்க என்னவே இருக்கு? நாந்தான் சுமந்தேன்லா."

அடுத்த வருஷம் டாலிகஞ்ச் மேட்டு வீடு வந்தது. ருக்கு குழாயைத் திருகினாள். தண்ணீர் வந்தது. மூடினாள். மறுபடி திருகினாள். காலை முழுக்க அதுதான் வேலை.

குடியேறின மூன்றாம் நாள், திருநாவுக்கரசு காபியோடு உட்கார்ந்தார். சுவரோரம் ஏதோ அசைந்தது. சின்ன வயசு. மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. காபி ஒரு பக்கம், திருநாவுக்கரசு நாற்காலி மேல். சுகாதாரம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

ருக்கு துடைப்பத்தை எடுக்கவில்லை. குழாயடியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நல்லாப் பயப்படுங்க. அதான் சர்டிபிகேட் இருக்கே."